ஏழாவது கை

வாயில் அரை டசின் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே யோகா ஊர்ப் புதினம் அத்தனையும் சொல்லி முடித்துவிடுவாள். பயமெல்லாம் கேட்பவருக்குத்தான். உதட்டின் ஒரு மூலையில் ஊசிகள் வரிசையாக நிற்கும். மறு மூலையால் சொற்கள் வந்துகொண்டேயிருக்கும். "கையைத் தூக்குங்கோ... இன்னும் கொஞ்சம்... ஓம்... அதுதான் பாருங்கோ, அந்த மனுசி கலியாண வீட்டுக்கு என்ன சீலையோட வந்தவ தெரியுமோ?" என்று தொடங்குவாள். இடையில் ஓர் ஊசியை உருவி உங்கள் விலாவருகே துணியில் செருகுவாள். கதை சுவையான இடத்துக்கு வரும்போது சிரித்துவிடக் கூடாது, சிரித்தால் குத்தும். சிட்னி நகரின் மேற்கே, லிட்கம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அந்த வீட்டின் முன்னறையில், குத்து வாங்காமல் அளவு கொடுத்துவிட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

ஆள் குள்ளம். நடை வேகம். வயது முப்பத்தெட்டு. சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு, தையல் மெஷினின் மிதிபலகையில் வெறுங்காலை வைத்து உட்கார்ந்தாளானால் வீடே கடகடவென்று ஓடும். வலது கையில் கலியாணத்துக்குப் போட்ட தங்கக் காப்புகள். தைக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. "கழட்டினால் கை பாரமில்லாமல் எங்கையாவது பறந்திடும்" என்பாள். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள்; கணவரோடு நாலு வருஷத்துக்கு முன் இங்கு வந்து, ஸ்டேஷன் பக்கத்துச் சலவைக் கடைக்காரருக்குக் கிழிந்ததையும் அவிழ்ந்ததையும் தைத்துக் கொடுத்து வந்தாள். ஊராரின் காற்சட்டை சிப்பெல்லாம் அவள் கைபட்டுத்தான் மேலேறியது.

அவளிடம் ஒரு இரகசியத்தைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. சென்னையிலிருந்து வந்த பத்மா, தனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்பதை ஒரு சட்டைக்கு அளவு கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள். அன்று சாயந்தரம் பத்மாவின் கணவன் பாஸ்கர் வேலை முடிந்து ரயிலால் இறங்கியபோது, எதிரே வந்த யோகா, "வாழ்த்துக்கள் தம்பி!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். அவனுக்கே அது அப்போதுதான் தெரியும். பத்மா ஒரு மாதம் கதைக்கவில்லை. யோகாவுக்கோ தான் செய்த பிழை என்னவென்றே விளங்கவில்லை. "சந்தோசச் செய்திதானே பாருங்கோ! அதை ஏன் பூட்டி வைப்பான்?"

கணவர் விக்னராஜா இதற்கு நேர்மாறு. அரசாங்கக் கந்தோரில் கட்டட வரைபடம் போடுகிற உத்தியோகம். கோடு நேராக வரவேண்டும், பேச்சு அளவாக இருக்கவேண்டும். புதிதாகத் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கூட்டங்களில் எழுந்து பண்பாட்டைப் பற்றிப் பேசுவார். பேசும்போது கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். வீட்டில் யோகா நூறு சொல் சொன்னால் அவர் ஒன்று சொல்வார். அதுவும் பெரும்பாலும் "ம்".

இப்படிப்பட்டவளிடம்தான் 1978ஆம் ஆண்டு ஒரு இரகசியம் வந்து மாட்டிக்கொண்டது.

சலவைக் கடை மேசைக்குப் பின்னால் நின்றவள் நோயலீன். நெடிய பெண். காற்சட்டைகளில் துண்டுச் சீட்டுக் குத்தும்போதும் பாடிக்கொண்டுதான் குத்துவாள். பாட்டுத் தொடங்கினால் கூரைத் தகரம் அதிரும். வார இறுதிகளில் அவளும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ரேலீனும் ஷார்லீனும் கிளப்புகளில் பாடுவார்கள். மூன்று பேருக்கும் லீனில் முடிகிற பெயர். ஆங்கிலத்தில் லீன் என்றால் மெலிந்தது என்று பொருள் என்பதால் யோகாவுக்கு அது ஓயாத சிரிப்பு. "பேரிலை மட்டுந்தான் லீன். ஆளுக்கு ஒரு முழம் துணி கூட வேணும்."

அவர்களுக்கு யோகாவின் பெயரும் அதேபோல வேடிக்கையாக இருந்தது. முதல் நாளே ஷார்லீன், "தலைகீழாக நிற்பீர்களா?" என்று கேட்டாள். "நிண்டால் சீலையை ஆர் பிடிக்கிறது?" என்றாள் யோகா.

மூவருக்கும் அந்த ஆண்டு அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு சின்ன இசைத்தட்டுக் கொம்பனி அவர்களைக் கொண்டு முழு எல்.பி. ஒன்று பதிவு செய்தது. குழுவின் பெயர் 'த டேஞ்சரீன்ஸ்', ஒருவகை ஆரஞ்சுப்பழம். யோகா அவர்களைத் தோடம்பழப் பிள்ளைகள் என்று பெயர் மாற்றிக்கொண்டாள். கொம்பனியை நடத்தியவர் பாரி. "பேருக்குத்தான் பாரி, வள்ளலில்லை" என்று அவள் பிறகு சொன்னாள். இசைத்தட்டின் உறைக்குப் படம் எடுக்க மூன்று நீளச் சட்டைகள் வேண்டும், மினுமினுவென்று இருக்கவேண்டும், ஆனால் கடையில் வாங்க வசதியில்லை. நோயலீன் நேரே யோகாவிடம் வந்தாள்.

இராச்சாப்பாட்டின்போது யோகா கணவரிடம் விளக்கினாள். "சோல் பாட்டாம். சோல் எண்டால் என்னெண்டு கேட்டன். நெஞ்சிலை கையை வைச்சுக் காட்டுறாள். ஆத்மாவாம்."

"ஆத்மாவுக்கு ஏன் மினுக்குச் சட்டை?" என்றார் விக்னராஜா.

"தட்டிலை முன்பக்கம் ஆத்மா, பின்பக்கம் ஆட்டமாம். டிஸ்கோவாம். சட்டை பின்பக்கத்துக்கு."

"ம்" என்றார் அவர்.

நோயலீன் பாட்டுகளை ஒரு கசெட்டில் பதிந்து கொடுத்திருந்தாள். முன்னறையில் அது ஓயாமல் சுழன்றது. முன்பக்கப் பாட்டுகள் மெதுவானவை. காதலன் போய்விட்டான், மழை பெய்கிறது என்று மூவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு பாடுவார்கள். அதைக் கேட்டபடி யோகா சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறு மினுக்கு வில்லைகளை ஒவ்வொன்றாகக் கையால் வைத்துத் தைத்தாள். சில வரிகளுக்குக் கண் கலங்கியது. ஆங்கிலம் முழுதும் விளங்காதபோதும் அழுகை விளங்கியது. பின்பக்கம் வந்தால் கதை வேறு. மேளம் தொடங்கியதும் அவள் மெஷினுக்குப் போய்விடுவாள். தாளம் ஏற ஏறக் கால் ஏறும். கால் ஏற ஏற ஊசி பாயும். பல்லவி வரும்போது துணி எங்கே போகிறது என்றே தெரியாது. ரேலீனின் சட்டையில் இடப்பக்கத் தையல் இன்றைக்கும் சற்று வளைந்துதான் இருக்கிறது. "அது பிழையில்லை, பாட்டு" என்பாள் யோகா.

அளவு பார்க்க மூன்று லீன்களும் சனிக்கிழமைகளில் வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை. குசினியில் ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரிந்துகொண்டிருக்கும். முதற்கிழமை ஆளுக்கொன்று. அடுத்த கிழமை தட்டு. அதற்கடுத்த கிழமை சட்டியோடு முன்னறைக்கு வந்தது. நோயலீன் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். ஒவ்வொரு கடிக்கும் ஒரு ராகம் இழுத்தாள். ரேலீன் எழும்பி நின்றே தின்றாள், உட்கார்ந்தால் வயிற்றில் இடம் போதாதாம். "சாப்பிடுங்கோ பிள்ளையள், ஈட், ஈட்! பாட்டுக்குச் சத்து வேணும்." அளவு நாடா ஒருபுறம், றோல்ஸ் சட்டி மறுபுறம். இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை யோசிக்க வேண்டியவள் அவள்தான். யோசிக்கவில்லை.

படம் எடுக்கும் நாளும் வந்தது. நகரத்தில் ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடி. பெரிய விளக்குகள், சுவர் முழுக்கச் செம்மஞ்சள் காகிதம், தலைமயிரைப் பறக்கவிட ஒரு காற்றாடி. யோகா ஊசி நூலோடு ஒரு மூலையில் நின்றாள். ஷார்லீனும் ரேலீனும் சட்டைக்குள் நுழைந்தார்கள். விளக்கொளியில் ஆயிரம் வில்லைகள் ஒரேயடியாய்ச் சிரித்தன. தன் கையால் தைத்ததுதானா என்று யோகாவுக்கே சந்தேகம் வந்தது. வாய் திறந்தபடி நின்றாள்.

நோயலீன் நுழைந்தாள். முதுகுப்பக்கச் சிப்பை யோகா இழுத்தாள். இடுப்புவரை வந்தது. "பிரீத் அவுட், டார்லிங்" என்றாள். நோயலீன் மூச்சை விட்டாள். இன்னும் கொஞ்சம் வந்தது. "எல்லாத்தையும் விடு பிள்ளை!" மேலே வந்தேவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நோயலீன் நன்றி சொல்லக் குனிந்தாள்.

டர்ர் என்றது. சிப் மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்தது. வில்லைகள் நெல்லுப்போலச் சிதறி மாடி முழுக்க ஓடின.

யோகா ஊசியை எடுத்தாள். கண்ணாடி மாதிரி மெல்லிய வலைத்துணி. ஊசி போன வழியே கிழிந்தது. சேஃப்டி பின் போட்டாள். அது தெறித்துப் போய் ஒரு விளக்கில் 'டிங்' என்று பட்டது. பாரி மணிக்கூட்டைப் பார்த்தார். கமராக்காரர் மதியத்துக்கு வேறிடம் போகவேண்டும். இன்னொரு நாளுக்கு அவரைக் கூலிக்கு அமர்த்தக் கொம்பனியால் முடியாது. "முடியாவிட்டால் விடுங்கள், உறையில் ஒரு தோடம்பழத்தை வரைந்து போட்டுவிடுகிறேன்" என்றார்.

நோயலீன் திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டியபடி நின்றாள். அவள் பதினேழு வயதிலிருந்து மற்றவர்களின் இசைத்தட்டுகளில் பின்னால் நின்று "ஊ... ஆ..." என்று பாடியவள். அவளுடைய குரலை நாடே கேட்டிருக்கிறது. முகத்தை ஒருவரும் கண்டதில்லை. இது அவளுடைய முகம் வரவேண்டிய முதல் உறை. பிளந்த சட்டைக்குள் தெரிந்த அந்த வெள்ளை முதுகு மெல்லக் குலுங்குவதை யோகா கண்டாள். றோல்ஸ் சட்டி மனக்கண்ணில் வந்து நின்றது.

"ஒரு பழமும் வேண்டாம்!" என்றாள், தமிழிலேயே. சேலையை இழுத்துச் செருகினாள். நேரே போய் நோயலீனின் பின்னால் குந்தினாள். பிளந்த இரண்டு ஓரத்தையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். "ஸ்மைல்!" என்று பின்னாலிருந்து கத்தினாள். "ஸ்மைல், பிள்ளையள்! நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்!"

முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று மினுங்கும் பெண்கள். கமரா சொடுக்கத் தொடங்கியது. கசெட்டில் பின்பக்கப் பாட்டு ஓடியது. நோயலீனுக்கு உயிர் திரும்பிவந்தது; இடுப்பை ஆட்டினாள். அவள் ஆட யோகாவும் குந்தியபடியே வலமும் இடமும் வாத்துப்போலத் தத்தவேண்டியிருந்தது. கடைசிப் படத்துக்கு மூவரும் இரண்டு கையையும் மேலே தூக்கினார்கள். வலப்பக்க ஓரம் யோகாவின் விரலிலிருந்து வழுக்கிற்று. சட்டை இறங்கத் தொடங்கியது. யோகா யோசிக்கவில்லை; வலது கையைச் சுற்றி எறிந்து நோயலீனின் இடுப்பை முன்புறமாக அப்படியே அழுத்திப் பிடித்தாள். காப்புகள் சில்லென்று வயிற்றில் படவே நோயலீன் வீறிட்டுச் சிரித்தாள். அவளைப் பார்த்து ரேலீன் சிரித்தாள். ஷார்லீன் சிரித்த சிரிப்பில் கண்மை வழிந்தது.

அந்தக் கணத்தில்தான் சொடுக்கிற்று.

எடுத்த படங்களில் மூவரும் ஒன்றாய் உயிர்ப்போடு இருந்தது அந்த ஒன்றுதான். அதில் ஆறு கைகள் மேலே. ஏழாவதாக ஒரு மாநிறக் கை, தங்கக் காப்புகளோடு, நோயலீனின் இடுப்பில். பாரி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதையே போடுவோம்" என்றார்.

குளிர்காலம் முடிகிற சமயம் இசைத்தட்டு கடைக்கு வந்தது. முதல் இரண்டு கிழமை ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலை வானொலி அறிவிப்பாளர் பாட்டைப் போட்டுவிட்டு, "மூன்று பெண்கள், ஏழு கைகள். ஏழாவது யாருடையது?" என்று கேட்டுவைத்தார். அன்று மத்தியானமே அவரது தொலைபேசி ஓயவில்லை. ஒரு அரேபிய இளவரசன் என்றார் ஒருவர். பேய் என்றார் ஒருவர். நோயலீனின் இரகசியக் கணவன், கப்பலில் வேலை செய்கிறவன் என்று ஒரு அம்மா சத்தியம் செய்தார். அறிவிப்பாளர் அதை நாளாந்த விளையாட்டாக்கினார். கையைப் பார்க்க ஆட்கள் கடைக்குப் போனார்கள்; பார்த்தவர்கள் வாங்கினார்கள்; வாங்கியவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு ஆடத் தொடங்கினார்கள். கொம்பனி மறுபடியும் அச்சிட்டது.

நோயலீன் ஓடிவந்து யோகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இந்த விளையாட்டு ஓடும்வரை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லாம் அடங்கிவிடும். இது இப்படியே விற்றால் இரண்டாவது தட்டுக்கு ஒப்பந்தம் உண்டென்று பாரி சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் அவள் ஆயுள் முழுக்கக் காற்சட்டைக்குச் சீட்டுக் குத்தவேண்டியதுதான்.

"சொல்லமாட்டன்" என்றாள் யோகா. சொல்லிவிட்டுப் பயந்துபோனாள்.

அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது கடைக்காரர் வானொலியில் அதே பேச்சு. ரயிலில் எதிரே இருந்தவர் மடியில் அதே உறை. யோகாவுக்குத் தொண்டைவரை வரும், விழுங்குவாள். அளவு கொடுக்க வந்தவர்கள் திகைத்தார்கள்: யோகா கதைக்கவேயில்லை! வாயில் ஊசிகளை இரண்டு மடங்காக அடைத்துக்கொண்டு வெறும் "ம்... ம்..." என்றாள். அப்போதுதான் அவளுக்குத் தன் கணவரின் "ம்" பாஷை எவ்வளவு வசதியானது என்று விளங்கிற்று. அடக்க முடியாதபோது பின்வளவுக்குப் போய், துணி காயப்போடுகிற கம்பத்தைக் கட்டிப்பிடித்து, "நான்தான்! என்ரை கைதான்!" என்று அதன் காதில் சொல்லிவிட்டு வருவாள். அயல்வீட்டு நாய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.

நவராத்திரி வந்தது. தமிழ்க் கோயில் இல்லாத ஊர். அதனால் சங்கத்தவர்கள் டொக்டர் நித்தியானந்தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூசை வைத்தார்கள். பூசை முடிந்தது. செயலாளர் விக்னராஜா பட்டுவேட்டி கட்டி, பிறநாட்டில் நம் பண்பாட்டைப் பேணுவதைப் பற்றிப் பேசினார். சாப்பாடு முடிந்து பாயாசம் வந்த நேரம், டொக்டரின் மகள் றேடியோகிராமில் ஒரு தட்டைப் போட்டாள். பின்பக்கம்.

யோகா பாயாசக் கோப்பையோடு சுவரோரம் நகர்ந்தாள்.

உறை கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தது. "ஆரின்ரை கையாய் இருக்கும்?" என்று ஆளுக்கொரு ஊகம். உறை பத்மாவிடம் வந்து சேர்ந்தது. அவள் அதை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணைச் சுருக்கினாள்.

"இது அரேபியாவுமில்ல, ஒண்ணுமில்ல. இது நம்ம பக்கத்து வளையல். இந்த முறுக்கு வேலைய எங்கயோ பாத்திருக்கேனே..." மெல்லத் தலையைத் திருப்பினாள். "யோகா, உங்க கைய கொஞ்சம் காட்டுங்க."

யோகா வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, கையெல்லாம் பாயாசம்."

"ஆமா, பரவால்ல, காட்டுங்க. என் விஷயத்த ஊருக்கே சொன்னீங்கல்ல?"

எல்லாத் தலையும் யோகாவின் பக்கம் திரும்பின. அவளுக்கு முகம் கொதித்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் போதும், இத்தனை நாள் அடைத்துவைத்தது எல்லாம் வெள்ளமாய்ப் பாய்ந்துவிடும். சந்தோசமாய்ப் பாயும். ஆனால் சங்கத்தில் இருக்கிற இத்தனை பேருக்குத் தெரிந்தால் நாளைக்கே வானொலிக்குத் தெரியும். நோயலீனின் குலுங்குகிற முதுகு நினைவுக்கு வந்தது. வாயை இறுக்கி மூடினாள். கண்ணால் நீர் வந்தது.

"பிள்ளை, அந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமாய் வையும்."

சொன்னது விக்னராஜா. கதிரையிலிருந்து எழும்பி நின்றார். கழுத்துப் பட்டி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார், பட்டி இல்லை. சால்வையை எடுத்துக் கதிரையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். நடு அறைக்கு வந்தார். ஆடத் தொடங்கினார்.

டிஸ்கோ என்றுதான் தொடங்கினார். ஒரு விரலால் கூரையைக் காட்டினார், பிறகு தரையைக் காட்டினார், அங்கே ஏதோ பழுது பார்க்கவேண்டியதுபோல. கொஞ்ச நேரத்தில் கால்களுக்குத் தெரிந்த வேலையைக் கால்கள் பார்த்தன. இளமையில் காவடி எடுத்தவர். மேளம் ஏறவும், சுழன்று, ஒற்றைக் காலில் எகிறி, தோளில் இல்லாத காவடியைச் சாய்த்துச் சாய்த்து ஆடினார். டிஸ்கோ மேளத்துக்கும் செடில் காவடிக்கும் அப்படியொரு பொருத்தம் இருக்கும் என்று யாருமே நினைத்ததில்லை. பாஸ்கர் விசில் அடித்தான். டொக்டர் நித்தியானந்தன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். டொக்டரின் மகள், "ஓ மை கோட், அங்கிள்!" என்று கத்தினாள். பத்மா உறையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொலுவில் இருந்த பொம்மைகள்கூட நடுங்கின. கையை எல்லோரும் மறந்தார்கள்.

வீடு திரும்பும் ரயிலில் மாலை வெயில் சாய்ந்திருந்தது. விக்னராஜா முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். யோகா அவர் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ... உங்களுக்குத் தெரியுமோ?"

"அந்தக் கையைப் பிடிச்சவன் நான். எனக்குத் தெரியாதோ?"

"எப்ப தெரியும்?"

"கடையிலை கண்ட அண்டைக்கே. ஒண்டு வாங்கிக் கந்தோர் மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன்."

"பின்னை ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "நீர் சொல்லாமல் வைச்சிருந்த முதல் விசயம் அது. எவ்வளவு நாளைக்கு வைச்சிருப்பீர் எண்டு பாக்க ஆசையாய் இருந்தது. குழப்ப மனம் வரேல்லை."

யோகா சிரிக்கத் தொடங்கினாள். லிட்கம் வரும்வரை நிறுத்தவில்லை. எதிரே இருந்தவர்கள் இருக்கை மாறி இருந்தார்கள்.

அந்த வாரமே பாரி இரண்டாவது தட்டுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை மூன்று லீன்களும் வானொலிக்குப் போய் உண்மையைச் சொன்னார்கள்: சட்டை பிளந்ததை, றோல்ஸ் தின்றதை, பின்னால் குந்தியிருந்து "ஸ்மைல்" என்று கத்திய ஒரு பெண்ணை. நோயலீன் சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள். அறிவிப்பாளர் அங்கிருந்தபடியே யோகாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். சிட்னி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"யோகா பேசுகிறீர்களா?"

இத்தனை நாள் அடைத்துவைத்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்து நெருக்குப்பட்டு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் 'யெஸ்' என்ற ஒரு சொல்கூட வரவில்லை.

"ஓம்" என்றாள்.

அறிவிப்பாளர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "கேட்டீர்களா மக்களே, யோகா ஓம் சொல்லித் தியானத்தில் இருக்கிறார்!" என்று ஆர்ப்பரித்தார். "ஓம், ஓம், அது நான்தான், என்ரை கைதான்!" என்று அவள் கத்தினாள். சொல்லச் சொல்ல மூன்று லீன்களும் பின்னணியில் "ஓ...ம்" என்று சுருதி சேர்த்துப் பாடத் தொடங்கினார்கள். தமிழ் வீடுகளில் தேநீர் புரைக்கேறியது. பத்மா முதல் ஆளாய் எடுத்து, "எனக்கு அப்பவே தெரியும்!" என்றாள். அன்று முழுவதும் தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் யோகா தொடக்கத்திலிருந்து சொன்னாள். ஒவ்வொரு முறையும் டர்ர் சத்தம் கொஞ்சம் நீண்டது. சாயந்தரத்துக்குள் குரல் கம்மிப்போயிற்று.

விக்னராஜா வழமையான ரயிலில் வந்தார். கக்கத்தில் கடதாசிப் பையில் இசைத்தட்டு. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். கழுத்துப் பட்டியை அவிழ்த்துக் கதிரைச் சட்டத்தில் தொங்கவிட்டார். தட்டை உறையிலிருந்து விரல் படாமல் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பின்பக்கத்தைப் போடும்."

யோகா மூலையிலிருந்த றெக்கோட் பிளேயரில் போட்டாள். ஊசி இறங்கியது, சரசரப்புக்குப் பிறகு மேளம் எழும்பியது. விக்னராஜா காலுறையோடு அறையின் நடுவுக்கு வந்து பார்த்தார். இடம் போதாது. நடுவில் தையல் மெஷின் மேசை நின்றது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் வைத்த இடம், ஒருநாளும் அசைக்காதது. அவர் அதைத் தூக்கக் குனிந்தார்.

யோகா அவரை விலக்கினாள். சேலையைச் செருகினாள். மேளம் விழுகிற இடம் பார்த்து, இடுப்பால் ஒரே இடி இடித்து, மெஷினைச் சுவரோடு அனுப்பிவைத்தாள்.